மூன்று சனிக்கிழமைகள்

ஒடில் கெம்ப் இருபத்தொரு வருடமாகப் போலீஸ்காரி. ஆல்சாஸ் பக்கத்து எங்கள் சிற்றூரில் வாரம் முழுக்க ரோந்து போவாள். சனிக்கிழமை மட்டும் புகார் மேசையில் உட்காருவாள். நான் வேலை பார்க்கும் ரொட்டிக்கடையில் அவளுக்காக யாரும் வரிசையில் விலகத் தேவையில்லை. சீருடையில் இருந்தால் ஒரு காப்பி நீட்டினாலும் வாங்கமாட்டாள். அப்படிப்பட்டவள் செய்த தவறு இது.

ஏப்ரலில், கடைக்கு எதிரே இருக்கும் யூதத் தொழுகைக்கூடத்தின் கதவில் யாரோ கறுப்புச் சாயத்தால் 'வெளியே போங்கள்' என்று எழுதியிருந்தார்கள். சாவி வைத்திருக்கும் அர்மான் கெய்ஸ்மார் புகார் கொடுத்தார். ஒடில் மூன்று வாரத்தில் மூன்று முறை அவரை அழைத்தாள். அவர் எடுக்கவில்லை. 'புகார்தாரர் ஒத்துழைக்கவில்லை' என்று எழுதிக் கோப்பை மூடினாள். எங்கள் கடை வாசலில் கேமரா உண்டு. யாரும் கேட்கவில்லை. வெளிநாட்டுக்காரன் எனக்கேன் வம்பு என்று நானும் வாய் திறக்கவில்லை.

நவம்பரில் போலீஸாருக்கு ஒருநாள் வகுப்பு நடந்தது. யூத வெறுப்பை அடையாளம் காண்பது எப்படி, தொழுகைக்கூடங்களைக் காப்பது எப்படி என்று ஒரு பெண்மணி வந்து பேசினாள்.

"வெள்ளிக்கிழமை பொழுது சாஞ்சதுலேர்ந்து சனி ராத்திரி வரைக்கும் அவங்களுக்கு ஓய்வுநாள், போனைத் தொடமாட்டாங்க. பேனாவையும் தொடமாட்டாங்க. சனிக்கிழமை கூப்பிட்டுட்டு, ஆள் எடுக்கலைன்னு எழுதி வச்சிடாதீங்க."

"எந்த மடையன் அப்படிச் செய்வான்?" என்றான் பின்வரிசைக்காரன். எல்லோரும் சிரித்தார்கள்.

"நானும் சேர்ந்து சிரிச்சேன். அதைத்தான் தாங்க முடியலை" என்று பிறகு என்னிடம் சொன்னாள் ஒடில்.

ஏப்ரல் புகாரின் கோப்பை எடுத்துப் பார்த்தாள். அவள் கையெழுத்தில் மூன்று தேதிகள், மூன்றும் சனிக்கிழமை.

"விடு ஒடில், மூடினதை யாரு தோண்டப் போறா?" என்றார் அதிகாரி.

நேராக எங்கள் கடைக்கு வந்தாள். "ஏப்ரல் மாசப் பதிவு இருக்கா?"

"ஒரு மாசத்துல அழிஞ்சிடும், மேடம்." அதோடு நிறுத்த மனம் வரவில்லை. "போன மாசம் எதிர்ல தொழுகைக்கூட ஜன்னல்ல கல்லு வந்து விழுந்துச்சே. கெய்ஸ்மார் சம்சாரம் சொலான்ஜம்மாவுக்குப் புருவத்துல நாலு தையல். தெரியாதா?"

தெரியாது. யாரும் புகார் கொடுக்கவில்லை.

அடுத்த வெள்ளி, வேலை முடிந்து மூன்றே முக்கால் மணிக்கு அவர்கள் வீட்டுக்குப் போனாள். கதவைத் திறந்த அர்மான் உள்ளே கூப்பிடவில்லை.

"சனி ராத்திரி பார்த்தா உங்க நம்பர் இருக்கும். திருப்பிக் கூப்பிட்டா, திங்கட்கிழமை வாங்கன்னு மிஷின் பேசும். திங்கள் வந்தா, மேடம் ரோந்துல இருக்காங்கம்பாங்க. மூணு வாரமும் இதே கூத்து. சரி, நம்மளை வேண்டாங்குறாங்கன்னு விட்டுட்டோம்."

"தப்பு என்னோடது. மன்னிச்சிடுங்க."

"கல்லு என் மேல படலையே. பட்டவகிட்ட கேளுங்க."

சொலான்ஜ் ஈரக் கையைத் துடைத்தபடி வந்தாள். புருவத் தழும்பு இன்னும் சிவந்திருந்தது.

"மன்னிப்பெல்லாம் அப்புறம். கல்லு விழுந்ததுக்கு இப்போ புகார் எழுதிக்குவீங்களா? ஓய்வுநாள் மெழுகுவத்தி ஏத்த இருபத்தஞ்சு நிமிஷம்தான் இருக்கு. அதுக்கப்புறம் நான் கையெழுத்துப் போடமாட்டேன்."

"எழுதுறேம்மா."

"இவரு பேச ஆரம்பிச்சா ஞாயித்துக்கிழமை ஆயிடும். என்னையே கேளுங்க."

ஒடில் பையிலிருந்து புகார்ப் படிவத்தை எடுத்து, கேட்டுக் கேட்டு எழுதினாள். ஜன்னலில் வெளிச்சம் குறைந்துகொண்டே வந்தது. 'தாமதத்துக்குக் காரணம்' என்ற கட்டத்துக்கு வந்ததும் பேனா நின்றது.

"என்ன எழுதப் போறீங்க?" என்றாள் சொலான்ஜ்.

'முந்தைய புகாரை விசாரிக்காமல் நான் மூடியதால்' என்று எழுதித் தன் பெயரையும் பணி எண்ணையும் போட்டாள். சொலான்ஜ் கண்ணாடியை எடுத்துக்கொண்டு வந்து இரண்டு முறை படித்தாள். கையெழுத்திட்டாள். பேனாவை ஒடிலிடமே திருப்பிக் கொடுத்தாள்.

"கிளம்புங்க, நேரமாச்சு. திங்கட்கிழமை நாங்க கூப்பிடுவோம். எடுப்பீங்கல்ல?"

மன்னித்தோம் என்று இருவரும் சொல்லவில்லை. ஒடிலும் மறுபடி கேட்கவில்லை.