கி.மு. 323-ஐ விட்டுக்கொடுக்காத பரமண்ணை

செய்தி வந்தபோது நான் ஒடென்சே நகரத்து ட்ராமுக்குள் நின்றுகொண்டிருந்தேன். பரமண்ணையின் மனைவி மலர் அக்காதான் தொலைபேசியில் அழைத்தார். பரமண்ணை நித்திரையிலேயே போய்விட்டாராம். அழுகைக்கு முன் எனக்கு வந்தது பயம். ஏழு மாதமாக நாங்கள் இருவரும் கதைக்கவில்லை. மனிசன் என்மேல் கோபத்தோடே போய்விட்டாரோ?

உங்களில் பலருக்கு அவரைத் தெரியும். நாங்கள் ஒன்றாக வேலை செய்த சலவைத் தொழிற்சாலையில், படுக்கை விரிப்புகளை மடித்தபடியே கி.மு. 323-ஐப் பற்றிக் கதைப்பார். அந்த ஒரு வருடம்தான். அலெக்சாண்டர் பாபிலோனில் இறந்த வருடம். பெரிய சாடிக்குள் குடியிருந்த ஞானி டயோஜனிஸும் அதே வருடம்தான் போனார் என்பார்கள்.

"ஏனண்ணை, மற்ற வருசங்கள் என்ன பாவம் செய்தது?" என்று ஒருநாள் கேட்டேன்.

"உலகத்தைப் பிடிச்சவனும் ஒண்டும் வேண்டாமெண்டவனும் ஒரே வருசத்திலை போயிருக்கினம். முதல் இதை முடிப்பம் ஐசே" என்றார். முடிக்கவேயில்லை.

அரிஸ்டாட்டில் இறந்தது அடுத்த வருடம். ஒரு வருடம்தானே, அவரையும் அந்த வருடம் இறந்தோர் பட்டியலில் சேர்த்துவிடலாமே என்றேன். விரிப்பைக் கீழே போட்டுவிட்டு என்னைப் பார்த்தார். "ஒரு வருசம் முந்திச் சாகச் சொன்னால் நீர் சாவீரோ?" அதற்குப் பிறகு நான் அரிஸ்டாட்டிலின் பேச்சே எடுக்கவில்லை.

பரமண்ணையின் குறிப்புகளைச் சிறு புத்தகமாக அச்சிட நான்தான் பொறுப்பெடுத்தேன். நம்மவர்களில் இறந்தவர்களுக்கு முப்பத்தோராம் நாள் வெளியிடும் நினைவு மலர்களை வருடக்கணக்காகச் செய்கிறவன் நான். படத்துக்குக் கீழே பிறந்த ஆண்டு, பிறகு இறந்த ஆண்டு. கண்ணை மூடிக்கொண்டு போடுவேன். அப்படித்தான் போட்டேன். அலெக்சாண்டருக்கு 356 – 323 என்று அவர் எழுதியிருந்தார். ஐயோ பாவம், மாறி எழுதிவிட்டார் என்று 323 – 356 எனத் திருத்தினேன். பட்டியல் முழுவதையும் திருத்தினேன்! கி.மு.வில் ஆண்டுகள் இறங்கிக்கொண்டு வரும் என்பது என் மரமண்டையில் ஏறவில்லை.

புத்தகத்தைத் திறந்தவர் கத்தினார்: "அடே, இவனைச் சாகவிட்டிட்டுப் பிறகல்லோ பிறக்கவிட்டிருக்கிறாய்!"

"அண்ணை, பெரிய இலக்கம் முன்னுக்கு நிண்டது..."

"போடா அங்காலை!"

போனேன். போனவன் போனவன்தான்.

இறுதிக்கிரியை முடிந்ததும் மலர் அக்கா என்னைத் தனியே கூப்பிட்டார். "தம்பி, நினைவு மலர் நீங்கள்தான் செய்யவேணுமாம். சொல்லிவச்சவர்" என்று ஒரு கடித உறையை நீட்டினார். அங்கேயே நின்று பிரித்தேன். உள்ளே அவருடைய சாய்ந்த எழுத்து.

"தம்பி, நான் கி.பி. ஆள். எனக்குச் சின்ன இலக்கம்தான் முதல். இந்தமுறை ஒண்டையும் திருத்தாதையும்."

அவ்வளவு சனத்துக்கு நடுவில் வாய்விட்டுச் சிரித்தேன். சிரிப்போடு கண்ணீரும் வந்தது. ஏழு மாதப் பாரம் அந்த இடத்திலேயே இறங்கிற்று.

நினைவு மலரில் அவர் சொன்னபடியே போட்டேன், மூன்று தரம் சரிபார்த்து. அந்தத் தாள் என் மேசை லாச்சிக்குள் இருக்கிறது. வருடம் தவறக்கூடாத மனிசன் அல்லவா, மூலையில் திகதியும் போட்டிருக்கிறார். நாங்கள் சண்டை பிடித்து மூன்றாம் நாள்.