குல்மொஹர் மரத்துக் காளான்

மூன்று வருடங்களுக்கு முன், மழைக்காலம் முடிகிற சமயம். ஹைதராபாத் சனத்நகரில் எங்கள் காலனிப் பூங்காவில் நடந்தது இது.

கணவருக்குக் கீமோ ஆரம்பித்து இரண்டு மாதமாகியிருந்தது. தட்டில் வைத்த சோறு அப்படியே திரும்பி வரும். மரத்தில் முளைக்கும் காளான் புற்றுநோயை விரட்டும் என்று வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோ வந்தது. பூங்காவில் இருந்த குல்மொஹரின் அடிமரத்தில் அதே மாதிரி ஒன்று தட்டுத் தட்டாக நீட்டிக்கொண்டிருந்தது. வார்னிஷ் அடித்தாற்போல் செம்பழுப்பு, ஓரத்தில் வெள்ளை.

ஒரு துண்டை வெட்டி வந்து, யாரிடமும் சொல்லாமல் கொதிக்கவைத்து, ஃபிளாஸ்கில் ஊற்றினேன். மறுநாள் காலை, "எழுந்ததும் இந்தக் கஷாயத்தைக் குடிங்க" என்று அவரிடம் சொல்லிவிட்டு, இன்னும் கொஞ்சம் எடுக்கக் கத்தியோடு போனேன்.

நடைப்பயிற்சிக்கு வந்த ஒரு பெண்மணி என் அருகில் நின்றார். நான் தமிழில் முணுமுணுத்ததைக் கேட்டிருக்க வேண்டும். "யாருக்கும்மா இது?" என்றார்.

சொல்ல ஆரம்பித்ததும் அழுகை வந்துவிட்டது. அவர் திட்டவில்லை. குனிந்து, காளானின் வெள்ளை அடிப்பக்கத்தை நகத்தால் கீறினார். கீறிய இடம் பழுப்பானது.

"நான் காலேஜ்ல பாட்டனி எடுக்கறேன். இது மரத்தை உள்ளேயிருந்து மக்க வைக்கிற காளான். பார்க்க இதே மாதிரி பல வகை இருக்கு. மைக்ராஸ்கோப்ல பார்க்காம எதுன்னு நானே சொல்ல மாட்டேன். நக்கோம்மா, வேண்டாம், கீமோ ஓடற உடம்பு. டாக்டரைக் கேக்காம எதுவும் குடுக்காதீங்க."

அப்போதுதான் ஃபிளாஸ்க் ஞாபகம் வந்தது. அதைச் சொன்னதும் அவரே என் போனை வாங்கி, நான் சொன்ன நம்பரை அழுத்திக் கொடுத்தார்.

"டம்ளர்ல ஊத்திட்டேன், ஆறட்டும்னு வெச்சிருக்கேன்" என்றார் கணவர்.

"குடிக்காதீங்க. கொட்டிடுங்க."

"ஏன், என்னாச்சு?"

"வந்து சொல்றேன்" என்று போனை வைத்துவிட்டு வீட்டை நோக்கி நடந்தேன்.

அந்தப் பெண்மணி எங்கள் வீட்டு கேட் வரை கூடவே வந்தார். "என் தங்கச்சிக்கு முடியாம இருந்தப்ப நானும் இப்படித்தான் கண்டதையும் தேடினேன். இவ்வளவு படிச்சவ" என்று மெதுவாகச் சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்த முறை ஆஸ்பத்திரியில் டாக்டரிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். ஏற்கெனவே ஈரல் பலவீனமாக இருக்கிறது, கொடுக்காமல் விட்டதே நல்லது என்றார். கணவருக்கு இப்போது பரவாயில்லை. இந்த வருடம் வேலைக்கும் திரும்பிவிட்டார்.

ஏதோ ஒரு வீடியோவை நம்பி மருந்து தேடி அலைபவர்களைப் பார்த்தால் எனக்கு இப்போது சிரிப்பு வருவதில்லை. அவர்கள் பக்கத்தில் கொஞ்ச நேரம் நிற்கத்தான் தோன்றுகிறது.