ஊர்வாடை படாத நாக்கு

பஸரா நகரத்து மிர்பது சந்தைக்குள் நுழையுமுன் நுஃபைல் குனிந்து, இரண்டு கைப்பிடி புழுதியை அள்ளித் தலைப்பாகையில் தூவிக்கொள்கிறான். தாடியிலும் கொஞ்சம். பிறகு ஒட்டகத்தைப் பிடித்துக்கொண்டு, பல நாள் நடந்து களைத்தவனைப் போலக் காலை இழுத்து இழுத்து நடக்கிறான். அவன் வருவதோ பஸராவின் கால்வாய்க்கரைக் குடிசையிலிருந்து.

"வாயைக் கொப்பளிச்சுட்டுப் போய்யா," என்பாள் மனைவி லுபாபா. "பாலைவனத்துல எவன் மீன் திங்கிறான்?"

நுஃபைல் விற்பது ஒட்டகத்தை அல்ல, நாக்கை. பஸராவின் இலக்கணக்காரர்கள் அரபு மொழியின் ஒவ்வொரு ஒலிக்கும் பாலைவனத்தானையே சாட்சிக்கு அழைக்கிறார்கள். கூலி மாவும் பேரீச்சையும். அவன் ஊரில் குடியேறிவிட்டால் நாக்கு கெட்டுவிட்டதாம், சாட்சி செல்லாதாம். ஊர் ரொட்டிக்கும் நாக்குக்கும் என்ன பகை என்று அத்தனை படித்தவர்களில் ஒருவரும் கேட்டதில்லை. மழை பொய்த்துக் கிணறு வற்றினாலும் அவன் அங்கேயே காய்ந்து கிடக்கவேண்டும். இவர்களுக்கு வேண்டியது சுத்தமான உச்சரிப்பு.

அதனால் அவனால் ஓரிடத்தில் உட்கார முடியாது. குந்துவான், எழுவான், கயிற்றை முறுக்குவான். கால்வாய்க்கரை மீன்காரன் எவனாவது பெயர் சொல்லி அழைத்துவிடுவானோ என்று கண் அலையும். ஆசிரியர் இப்னு மிஹ்ரான் தொண்டையில் இரண்டு விரலை வைத்து மாணவர்களுக்குப் பாடம் சொல்வார்: விரலடியில் அதிர்ந்தால் 'மஜ்ஹூர்', அதிராமல் வெறும் மூச்சாகப் போனால் 'மஹ்மூஸ்'. அதையும் தினம் கேட்டுக்கொண்டே நிற்பான்.

போன வாரம் கூஃபாவிலிருந்து ஒரு பண்டிதர் வந்தார். பஸராவின் சாட்சிகளைச் சோதிக்கவேண்டும் என்று நுஃபைலின் பக்கம் திரும்பினார்.

"தமீம் குலத்தாரே, 'அஸ்'னு சொல்லி நிறுத்துங்க."

"அஸ்."

"கடைசிச் சத்தம் வாயில எப்படி இருக்கு?"

மணலில் பாம்பு ஊர்வதுபோல என்று சொல்லியிருந்தால் போதும். நுஃபைலின் கவனம் சந்தை வாசலில் இருந்தது.

"மஹ்மூஸ்," என்றான்.

மாணவர்கள் எழுதிக்கொண்டிருந்த நாணல் பேனாக்கள் நின்றன. கூஃபாக்காரர் சிரித்தார். "பாலைவனத்துல இந்த இலக்கண வார்த்தையை எந்தக் கிணத்துல எறைச்சீரு?"

"இவுங்க பேசித்தான் காதுல விழுந்துச்சு. காதைக் கழட்டி ஒட்டகத்துல கட்டிட்டா வரமுடியும்? மிஹ்ரான் மகனே, நீயாவது சொல்லு. நான் சொன்னது தப்பா?"

சரியான பதில் என்பது இப்னு மிஹ்ரானுக்குத் தெரியும். பாரசீகத் தகப்பனுக்குப் பிறந்தவர். தம் சொல்லுக்கும் ஒரு பாலைவனத்தான் சாட்சி வேண்டியிருப்பவர். தலை குனிந்துகொண்டார். அன்று மாவு அளக்கவில்லை. அதன்பின் அவனை யாரும் அழைக்கவுமில்லை.

இன்றும் வந்தான். லுபாபாவிடம் இன்னும் சொல்லவில்லை. வழக்கமான இடத்தில் குனிந்து, புழுதியை அள்ளி நிமிர்ந்தான். தலைக்குப் போகவேண்டிய கை பாதியில் நின்றது. மற்றக் கையின் இரண்டு விரல்கள் தாமாகத் தொண்டைக்குப் போயின.

"அஸ்," என்றான். கடைசிச் சத்தத்தில் விரலடியில் ஒன்றும் அதிரவில்லை. மறுபடி, "அஸ்."

புழுதி விரலிடுக்கு வழியே ஒழுகிக்கொண்டிருந்தது.