திரும்பி வராத முந்தானை

எங்கள் வீட்டில் ஒன்று ஒழுங்காக இருக்கிறது என்றால், அது திரும்பத் திரும்ப வருகிறது என்று அர்த்தம். புடவையில் பூ அப்படி, மாமாக்களின் பேச்சும் அப்படி. அந்த நெசவுக்காரர் குடும்பத்தில் கணிதம் படித்த ஒரே ஆள் நான். எழுபதுகளின் கடைசியில், கல்லூரி நூலகத்துக்கு வந்த வெளிநாட்டுப் பத்திரிகை ஒன்றில் ஒரு படம் பார்த்தேன். தடித்த சாய்சதுரம் ஒன்று, ஒல்லிச் சாய்சதுரம் ஒன்று. இந்த இரண்டை மட்டும் வைத்து, அதற்கென்று உள்ள விதிப்படி, இடைவெளி விடாமல் தரை முழுக்கப் பாவலாம். ஆனால் எவ்வளவு தூரம் போனாலும் கோலம் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்காது. எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது.

அந்தச் சமயத்தில்தான் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளைக்கு ஐயம்பேட்டை. பட்டும் ஜரிகையும் அவர்கள் தருவது, கூறைப்புடவையை நாங்களே நெய்துகொள்வது என்று பேச்சு. மாப்பிள்ளை விஷயத்தில் என்னை யாரும் கேட்கவில்லை, முகூர்த்த விஷயத்திலும் கேட்கவில்லை. முந்தானை டிசைனையாவது நான் போடுகிறேன் என்று பிடிவாதம் பிடித்தேன். மனதில் இருந்தது அந்தச் சாய்சதுரக் கோலம். அந்தக் கல்யாணத்தில் எனக்கென்று நான் கேட்டது அது ஒன்றுதான்.

இன்று கம்ப்யூட்டரில் இப்படிப் படம் போடுகிறவர்கள் அதை டிஜிட்டல் கலை என்கிறார்கள். அன்று அதற்கு அட்டை குத்துவது என்று பெயர். கிராப் தாளில் டிசைனைக் கட்டம் கட்டமாக நிரப்ப வேண்டும். நிரப்பிய கட்டத்துக்கு அட்டையில் ஓட்டை உண்டு, காலிக் கட்டத்துக்கு இல்லை. அட்டைகளை வரிசையாகக் கோத்துத் தறிக்கு மேலே ஜக்கார்டு பெட்டியில் மாட்டினால், ஊடை இழை ஒன்றுக்கு அட்டை ஒன்று என்று அது படித்துக்கொண்டே போகும். கடைசி அட்டையை முதல் அட்டையோடு கட்டிவிட்டால் டிசைன் திரும்ப வரும். ஊரில் எல்லாரும் அப்படித்தான் கட்டுவார்கள். நான் கட்டவில்லை. அகலவாக்கில் பாவு இழைகளைத் தூக்கும் கொக்கிகள் பெட்டியில் கொஞ்சம்தான் என்பதால் அங்கே டிசைன் திரும்பத்தான் செய்யும். அந்தமட்டில் எந்திரத்திடம் தோற்றேன். நீளவாக்கில் விடுவதாயில்லை. முந்தானை முழுதுக்கும் தனித்தனி அட்டை குத்தினேன். கல்யாணப் பெண்ணின் கை இப்படியா காய்த்துப்போக வேண்டும் என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

நெய்தது அண்ணன். ஒரு சாண் நெய்ததும் கூப்பிட்டான்.

"இன்னா பாப்பா, மொத பூ எப்ப திரும்பி வரும்?"

"வராதுண்ணா."

"வராதா? அட்டை மாறிப்போயிருக்குது போல. நல்லா பாரு."

"ஒண்ணும் மாறல. திரும்பி வராததுதான் டிசைனே."

அவன் என்னைப் பார்த்த பார்வையில் அத்தனை பரிதாபம். "சரி, போமா. கல்யாணப் பொண்ணு இனிமே தறிக்கிட்ட வரவேணாம், ஆகாது" என்றான். அப்படி ஒரு சாத்திரத்தை நான் அதுவரை கேள்விப்பட்டதில்லை. ஆனால் நலங்கு, விருந்து என்று என்னை ஆளுக்கொரு பக்கம் இழுத்துக்கொண்டிருந்தார்கள். நெய்த துணியோ படமரத்தில் சுருண்டுகொண்டே போனது. உள்ளே என்ன இருக்கிறது என்பது அண்ணனுக்கும் முருகப்பெருமானுக்கும்தான் தெரியும்.

புடவையைத் தறியிலிருந்து அறுத்த அன்று மாப்பிள்ளையின் அம்மா வந்திருந்தார். முந்தானையை விரித்து, இரண்டாக மடித்து, பூமேல் பூ விழுகிறதா என்று பார்ப்பது எங்கள் பக்கத்து வழக்கம். விழாவிட்டால் நெசவில் குறை, சில வீடுகளில் சகுனத்திலும் குறை. இது குறையல்ல, கணிதம் என்று எடுத்துச் சொல்ல ஒரு பாடமே தயாரித்து வைத்திருந்தேன்.

பூமேல் பூ கச்சிதமாக விழுந்தது.

குனிந்து பார்த்தேன். நான் போட்டதில் முதல் சாண் மட்டுமே அங்கே இருந்தது. அதுவே மறுபடி, அதுவே மறுபடி. மிச்ச அட்டைகளைக் கழற்றி எறிந்துவிட்டு, முதல் சாணுக்கு உரியதை மட்டும் வட்டமாகக் கட்டி நெய்திருக்கிறான் அண்ணன். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடியும் என்பார்கள். எனக்குக் குரங்கு பிடிக்கப் பிள்ளையாராய் முடிந்திருந்தது.

"டிசைன் போட்டது யாரு?" என்றார் மாப்பிள்ளையின் அம்மா.

"எங்க பாப்பாதாங்க" என்றான் அண்ணன்.

"படிச்ச பொண்ணுன்னா சும்மாவா? இன்னா ஒழுங்கா இருக்குது பாரு!"

எனக்கு வந்த கோபத்துக்கு அந்தப் புடவையை அங்கேயே கிழித்திருப்பேன். அவர் போனதும் அண்ணனைத் தறிப்பக்கம் தள்ளிக்கொண்டு போனேன். நான் வாயைத் திறப்பதற்குள் அவனே குனிந்து மெதுவாகச் சொன்னான்.

"பயப்படாதமா. நீ தப்பா குத்தினத யாருகிட்டயும் சொல்லல. அம்மாவுக்கே தெரியாது. எல்லாத்தையும் நானே பிரிச்சு திரும்பக் கோத்துட்டேன். போற எடத்துல உன்ன ஒருத்தரும் ஒரு சொல்லு சொல்லக்கூடாது."

தயாரித்து வைத்திருந்த பாடத்தை நான் நடத்தவில்லை. "நல்லா நெய்ஞ்சிருக்கண்ணா" என்றேன். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. பிறந்த வீட்டைப் பிரிவதற்குத்தான் அழுகிறேன் என்று நினைத்து அவனும் கூடவே அழுதான்.