மருந்து தராத டொக்டர்

தங்கச்சிக்குக் காது கேட்காது என்று முதலில் முடிவு கட்டியவர் அப்பா. நாலு வயதாகியும் அவள் வாயிலிருந்து ஒரு சொல் வரவில்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவதுமில்லை. எனக்கு இதில் சந்தேகம் இருந்தது. உன்னிச்சையில் எங்கள் வயல் பக்கம் யானை வந்தால் ஆட்கள் ஆனை வெடி கொளுத்துவார்கள். எங்கோ தூரத்தில் ஒன்று வெடித்தாலே அவள் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு கட்டிலுக்கடியில் புகுந்துவிடுவாள். ஆனால் மூன்றாம் வகுப்புப் படிக்கிறவளிடம் யார் அபிப்பிராயம் கேட்கப் போகிறார்கள்?

மட்டக்களப்பு டவுனில் காது டொக்டர் சோதித்துவிட்டு, காதில் ஒரு குறையுமில்லை என்றார். மனநலப் பிரிவில் சிறு பிள்ளைகளைப் பார்க்கிற டொக்டர் ஒருவர் இருக்கிறார், அவரிடம் காட்டுங்கள் என்றும் சொன்னார். அப்பாவின் முகம் கறுத்துவிட்டது. வெளியே வந்ததும், "என்ட பிள்ளைக்குப் பைத்தியமில்ல" என்று அம்மா மேல் பாய்ந்தார், அம்மாதான் அப்படிச் சொன்னது போல.

ஆகவே கெட்டிக்காரர் என்று பெயரெடுத்த வேறொரு டொக்டரிடம் போனோம். வாசல்வரை சனம். எங்கள் முறை வந்து உள்ளே போனதும் தங்கச்சி வீறிட்டுக் கத்தத் தொடங்கினாள். அவர் அவளைப் பார்க்கவில்லை, அம்மாவைத்தான் பார்த்தார். "கையில போனக் குடுத்துட்டு உங்கட வேலையப் பார்க்கிறதாக்கும். தாய் கதைக்காட்டி பிள்ள எப்படிக் கதைக்கும்?" என்றார். ஒரு சிவப்புச் சிரப்பும் எழுதினார். அப்பாவுக்குத் திருப்தி. மருந்தும் கிடைத்துவிட்டது, குற்றவாளியும் கிடைத்துவிட்டது.

அன்றிலிருந்து அம்மா கதைக்கத் தொடங்கினார். "இது வெண்டிக்காய். அம்மா வெண்டிக்காய் வெட்டுறன். பார் மகள், வெண்டிக்காய்." கிணற்றடியிலும் அடுப்படியிலும் உடுப்புக் காயப்போடுகிற இடத்திலும் இதே கதைதான். தங்கச்சியோ கோழிக்கூட்டுக் கம்பிவலையில் கன்னத்தை வைத்தபடி வேறெங்கோ பார்த்துக்கொண்டிருப்பாள். எனக்குச் சிரிப்பு வரும். வீட்டுக் கோழிகள் தமிழ் படித்துவிடும் என்று பள்ளிக்கூடத்தில் பகிடி விட்டேன். நாள் போகப்போக அம்மாவின் குரல் கம்மி, கடைசியில் காற்று மட்டும் வரத் தொடங்கியது. அப்போதும் அவர் நிறுத்தவில்லை.

அந்த வருஷம் சிறுபோக நெல் விதைப்பு நேரம். எல்லோரும் வயல் வட்டையில் நின்றபோது தங்கச்சியைக் காணவில்லை. வரம்பு வரம்பாக ஓடினோம், பெயர் சொல்லிக் கூப்பிட்டோம். கூப்பிட்டால் வருகிற பிள்ளை இல்லை என்பது கூப்பிட்ட எல்லோருக்கும் தெரியும். குளத்துத் தண்ணீரைத் திறந்துவிடுகிற துருசுக்கு மேல், கட்டின் விளிம்பில் அவள் இருந்தாள். கீழே தண்ணீர் நுரைத்துக்கொண்டு பாய்ந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பா பின்னாலிருந்து ஒரு தரம், பிறகு கெஞ்சுகிற மாதிரி இன்னொரு தரம் கூப்பிட்டார். அவள் திரும்பவில்லை. அவர் மெல்ல மெல்லப் போய் அவளை வாரித் தூக்கினார். நெஞ்சோடு அணைத்தபடி அங்கேயே குந்திவிட்டார்.

அடுத்த நாள் விடிய, "காது டொக்டர் சொன்ன அந்தக் கிளினிக்குக்குப் போவம்" என்றார் அப்பா.

இந்த டொக்டர் ஒரு பெண். நாங்கள் உள்ளே போனதும் வழக்கம்போல் தங்கச்சி கத்தினாள், கதிரைக்கடியில் புகுந்தாள். அம்மா இழுக்கப் போனார். "விடுங்க, இருக்கட்டும்" என்ற டொக்டர், என்னைப் பார்த்து, "அக்காதானே நீங்க? அவ ஏன் கத்துறா?" என்று கேட்டார்.

என்னைக் கேட்ட முதல் டொக்டர் அவர்தான். "பேன் சத்தம் அவளுக்குப் பிடிக்காது" என்றேன்.

அவர் எழுந்து போய் மின்விசிறியை நிறுத்தினார். சித்திரை மாத வெக்கை, எல்லோருக்கும் வேர்த்து ஊற்றியது. கொஞ்ச நேரத்தில் கத்தல் அடங்கியது. தங்கச்சி தவழ்ந்து வெளியே வந்து, டொக்டரின் கையைத் தூக்கி மணந்து பார்த்தாள். அவரும் கையை இழுக்காமல் வைத்திருந்தார்.

வெகுநேரம் கேள்விகள் கேட்டார். அம்மா காற்றுக் குரலில் பதில் சொன்னார்.

"குரலுக்கு என்ன நடந்த?"

அப்பாதான் சொன்னார். "முந்திப் பார்த்த டொக்டர், தாய் கதைக்காததாலதான் பிள்ள கதைக்குதில்ல எண்டவர். அதுக்குப் பிறகு இவ ஓயாமக் கதைக்கிறா."

டொக்டர் பேனையைக் கீழே வைத்தார். "இதுக்குப் பேர் ஓட்டிசம். பிறக்கக்குள்ளயே இருக்கிற ஒண்டு. போனால வந்ததில்ல, நீங்க கதைக்காததால வந்ததுமில்ல. உங்கட பிழை ஒண்டும் இல்ல, அம்மா." பிறகு அப்பாவிடம், "சிரப் குடிச்சு மாறுற வருத்தமில்ல. பழக்கிப் பழக்கித்தான் எடுக்கணும். கிழமைக்கு ஒருக்கா வாங்க, நீங்களும் வரணும்" என்றார்.

அப்பா முணுமுணுத்தாலும் போனார். படங்களைக் காட்டி வேண்டியதைக் கேட்கத் தங்கச்சி பழகினாள். சொல் வர இன்னும் காலம் எடுத்தது. இப்போது வளர்ந்துவிட்டாள். பேசுகிற சொற்கள் கொஞ்சம்தான், ஆனால் வேண்டாததை "வேணாம்" என்று சொல்ல அவளுக்கு நன்றாகத் தெரியும்.

அன்று கிளினிக்கிலிருந்து திரும்பும் பஸ்ஸில் இதெல்லாம் யாருக்குத் தெரியும்? வலையிறவுப் பாலத்தில் வாவிக் காற்று உள்ளே அடித்தது. "ஒரு சிரப்பும் தரல்லையே. கொழும்பில ஒருக்காக் காட்டுவமா?" என்றார் அப்பா.

"வேணாம். இனிப் பிள்ளையக் கொண்டு அலைய வேணாம். இவவிட்டயே வருவம்" என்றார் அம்மா.

நான் அப்பாவின் கட்சி. மருந்து தராதவர் என்ன டொக்டர்? அம்மாவைப் பார்த்தேன். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது.

"அம்மா, அந்த டொக்டர் கூடாதவவா?"

"இல்ல மகள், நல்லவ" என்று முந்தானையால் முகத்தைத் துடைத்தார். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பி மறுபடியும் அழுதார். நல்ல டொக்டரைக் கண்டதற்கு ஒருவர் ஏன் அழ வேண்டும் என்று வீடு வந்து சேரும்வரை யோசித்தேன். எனக்குப் பிடிபடவில்லை.