மங்கலாக வந்த படங்கள்

என் அக்காவுக்குத் தெருவில் வைத்திருந்த பெயர் கேள்விக்குறி. சின்ன வயதிலேயே முதுகெலும்பு பக்கவாட்டில் வளைய ஆரம்பித்து, ஐம்பதைத் தாண்டியபோது ஒரு தோள் தூக்கி மறு தோள் தொங்கிவிட்டது. பின்னாலிருந்து யாராவது அந்தப் பெயரைச் சொன்னால் நின்று திரும்பி, "பதில் தெரிஞ்சா சொல்லிட்டுப் போ" என்பாள். சரியான வாயாடி.

பள்ளிச் சீருடை தைப்பது அவள் பிழைப்பு. கல்யாணம் வேண்டாமென்று சொல்லிவிட்டு, என் வீட்டு முன்னறையில் மிஷினைப் போட்டு உட்கார்ந்தாள். வளைவைச் சமாளிக்க, நாற்காலியின் இடது பக்கம் மட்டும் வெட்டுத்துணி அடைத்த திண்டு ஒன்று. துணி எது வந்தாலும் முதலில் ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்ப்பாள். நைந்திருந்தால் தாட்சண்யமே கிடையாது. "இதுல தையல் நிக்காது, எடுத்துட்டுப் போங்க" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுவாள்.

வருடா வருடம் எடுக்கும் எக்ஸ்ரேயையும் அதே ஜன்னலில்தான் பார்ப்பாள். டாக்டர் படத்தில் இரண்டு கோடு போட்டு வளைவு எத்தனை டிகிரி என்று சொல்வார். இவள் வீட்டுக்கு வந்து, தையல் சாக்பீஸால் அதே கோட்டைப் போட்டுச் சரிபார்ப்பாள். டாக்டர் பார்த்ததும் வளைவு, இவள் பார்த்ததும் வளைவு, நான் கேட்டதும் வளைவு. அந்தப் படத்தில் வேறு எதுவும் இருக்கும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

மாதவிடாய் நின்றதற்குப் பிறகு வந்த படங்கள் மங்கலாக இருந்தன. எலும்பு வெள்ளையாகத் தெரியாமல் சாம்பல் பூத்துக் கிடந்தது. அக்கா நேரே எக்ஸ்ரேக்காரரிடம் சண்டைக்குப் போனாள்.

"என்னங்க, எலும்பைப் படம் எடுக்கச் சொன்னா புகையை எடுத்து வெச்சிருக்கீங்க?"

"மிஷின் நல்லாத்தாம்மா இருக்கு. இந்தாங்க, மத்தவங்க படத்தைப் பாருங்க."

"அப்ப எனக்கு மட்டும் ஓரவஞ்சனையா?"

அக்கா கோபித்துக்கொண்டு வேறு இடத்துக்கு மாறினாள். அங்கேயும் மங்கல்தான். "எல்லாம் கத்துக்குட்டிங்க" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டாள்.

பிறகு மூச்சு வாங்க ஆரம்பித்தது. கொஞ்ச நேரம் மிஷினில் உட்கார்ந்தாலே விலா எலும்பு இடுப்பில் இடித்தது. ஆபரேஷன் செய்து, திருகாணியும் கம்பியும் வைத்து நிமிர்த்தலாம் என்றார் டாக்டர். நான் பயந்தேன். அவள் பயப்படவில்லை.

"நிமிர்ந்து உக்காந்து தைக்கணும்டி. எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம்."

செய்தார்கள். முதல்முறை எழுந்து நின்றபோது என்னைவிட உயரமாக இருந்தாள்! "இனிமே அண்ணாந்து பாத்துப் பேசு" என்று என் தலையில் தட்டினாள். நான் அழுதேன். திண்டைத் தூக்கிப் பரணில் போட்டோம்.

சில மாதங்கள்தான். ஒருநாள் காலை, கீழே விழுந்த நூல்கண்டை எடுக்கக் குனிந்தவள் "ஐயோ" என்று அப்படியே உட்கார்ந்துவிட்டாள். திருகாணிகள் எலும்பைப் பிய்த்துக்கொண்டு வெளியே வந்திருந்தன. முதுகு முன்னைவிட மோசமாக மடங்கிவிட்டது.

பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மா பழைய படங்களையெல்லாம் கேட்டு வாங்கி வரிசையாக மாட்டினார்.

"எலும்பு ரொம்பத் தேஞ்சு போயிருக்கும்மா. முதல்ல அதைப் பாத்து மருந்து குடுத்துட்டு அப்புறம்தான் கத்தி வெச்சிருக்கணும்."

"அதுக்கு ஏதோ தனி டெஸ்ட் உண்டாமே. அது யாருமே எடுக்கச் சொல்லலையே?" என்றேன்.

"அந்த டெஸ்ட் எடுத்துத்தான் உறுதி பண்ணணும். ஆனா சந்தேகப்பட இந்தப் படங்களே போதும். முதுகுக்கு எடுத்த படத்துலயே கீழ தொடையெலும்பும் விழுந்திருக்கு பாருங்க. மங்கலை மட்டும் வெச்சுச் சொல்ல முடியாது, எடுக்கிற விதத்துலயும் மங்கும். ஆனா தொடையெலும்போட இந்த ஓரம், தடிப்பா இருக்க வேண்டியது, வருஷா வருஷம் மெலிசாயிட்டே வந்திருக்கு."

இத்தனை வருடம் கையிலேயே வைத்துக்கொண்டு, கோடு போட்டுப் பார்த்துக்கொண்டு, பாழாய்ப்போன அந்த ஓரத்தை ஒருத்தர்கூடப் பார்க்கவில்லையே! மறுபடி ஆணி வைக்க இந்த எலும்பு தாங்காது, எலும்பு பலப்பட ஊசி போட்டுப் பார்க்கலாம், ஆனால் மிஷினில் உட்காருவதை மறந்துவிட வேண்டும் என்றார் டாக்டரம்மா.

இப்போது அக்கா முன்னறையில் படுத்தே கிடக்கிறாள். மிஷின் மேல் போர்வை. வாய் மட்டும் பாக்கி என்று நினைத்திருந்தேன், அதுவும் அடங்கிவிட்டது. நேற்று ஆத்திரத்தில் படங்களைக் கிழித்துப்போட எடுத்தேன். கையை நீட்டி ஒன்றை வாங்கி, படுத்தபடியே வெளிச்சத்தில் பிடித்தாள்.

"அந்த எக்ஸ்ரேக்காரரை அநியாயமாத் திட்டிட்டேன்டி."

"இப்ப அவர்தான் முக்கியமா? சும்மா இரு."

அவள் படத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"துணியா இருந்தா சொல்லியிருப்பேனே, இதுல தையல் நிக்காதுன்னு."

நான் படத்தை வாங்கி உறைக்குள் வைத்தேன்.