சேனல்காரன் நிறுத்திய இடத்திலிருந்து

வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது, காதோரம் நரையும் ஏறிவிட்டது. இருந்தாலும் வீட்டில் அவளுக்குச் சின்னவள் என்றுதான் பெயர். அக்காள் ஒருத்தி இருக்கிறவரை அந்தப் பெயர் மாறப்போவதில்லை. அக்காள் பெரியவள். பிறந்தது இரண்டே பெண்கள் என்பதால் மூன்றாவதாக ஒரு பெயருக்கு அந்த வீட்டில் தேவையே வரவில்லை.

சின்னவள் ஒரு வக்கீல் ஆபீசில் டைப்பிஸ்ட். வாடகை ஒப்பந்தம், பாகப்பிரிவினை, மனு, நோட்டீஸ் எல்லாம் அவள் கை வழியாகத்தான் வெளியே போகும். அதெல்லாம் எந்த ஆபீசிலும் நடக்கிற கூத்துதான். இங்கே என்ன விசேஷம் என்றால், அவள் டைப் அடிப்பது ‘கைராசி’ என்ற சாப்ட்வேரில். கைராசியைத் தயாரித்த கம்பெனி கடையை மூடிவிட்டு எங்கே போனது என்று அதற்கே தெரியாது. ஒரு காலத்தில் ஊரில் பாதிப் பேர் அதில்தான் தமிழ் அடித்தார்கள். அப்புறம் புதுசு வந்தது, அதைவிடப் புதுசு வந்தது, எல்லோரும் கைராசியைத் தலைமுழுகினார்கள். சின்னவள் முழுகவில்லை.

வக்கீல் ஒருமுறை ஆசை ஆசையாகப் புது கம்ப்யூட்டர் வாங்கிக் கொடுத்தார். அதில் ஒரு பக்கம் அடிப்பதற்குள் அவள் முகம் போன போக்கைப் பார்த்துவிட்டு, பழையதை அவரே தூக்கி வந்து மூலையில் வைத்தார். “உங்களை ரிட்டயர் பண்ணாலும் பண்ணலாம், இதைப் பண்ண முடியாது போலிருக்கே” என்றார். பேப்பரில் ஒழுங்காக வந்தால் சரி, எதில் அடித்தால் அவருக்கென்ன.

கைராசிப் பெட்டியின் மேல் ஒரு உதவி எண் அச்சிட்டிருக்கும். அந்த எண் இப்போது ஒரு நாற்காலி மேஜைக் கடைக்குப் போகிறது. சின்னவள் அப்படியும் விடாமல் எப்போதாவது அடித்துப் பார்ப்பாள். கடைக்காரருக்கு அவள் குரல் பழகிவிட்டது. “அவங்க இன்னும் திரும்பி வரலைம்மா” என்று ஏதோ வெளியூர் போன உறவினரைப் பற்றிச் சொல்வதுபோல் சொல்லிவிட்டு வைப்பார்.

இப்படி விட்டுப்போனதையெல்லாம் ஒற்றைக் காலில் நின்று பிடித்துக்கொள்கிற குணம் அவளுக்கு எப்போது வந்தது என்று கேட்டால், அவள் வீட்டுக்காரர் சட்டென்று பதில் சொல்வார்: “எல்லாம் அந்த சீரியலால வந்த வினை.”

சீரியலின் பெயர் ‘மாடி காலி’. அக்காளும் தங்கையும் கல்யாணமாகாத பெண்களாக இருந்த காலத்தில் வெள்ளிக்கிழமை சாயங்காலம் வரும். ஒரு பழைய அடுக்குமாடி வீடு, அதில் குடியிருக்கிற மனிதர்கள், அவ்வளவுதான் கதை. மேல்மாடியில் தனியாக ஒரு டெலிபோன் ஆபரேட்டர் பெண். வாசலில் ஒரு வாட்ச்மேன், பேச ஆரம்பித்தால் நிறுத்தத் தெரியாதவர். அழுகை குறைவு, சதி அதைவிடக் குறைவு. அது ஓடாமல் போனதில் ஆச்சரியமே இல்லை.

ஒரு வெள்ளிக்கிழமை அந்த ஆபரேட்டர் வேலை முடிந்து படியேறி வருகிறாள். பூட்டிய வீட்டுக்குள்ளே குழாயில் தண்ணீர் ஓடுகிற சத்தம். சாவியைப் போடுகிறாள். ‘தொடரும்’ என்று எழுத்து வந்தது. அடுத்த வெள்ளிக்கிழமை கண்ணில் எண்ணெய் ஊற்றிக்கொண்டு உட்கார்ந்தால் அங்கே யாரோ சமையல் போட்டி நடத்திக்கொண்டிருந்தார்கள். சேனல்காரன் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மன்னிப்பு இல்லை, காரணம் இல்லை. சின்னவள் அதற்கப்புறமும் வாராவாரம் அந்த நேரத்துக்கு டிவியைப் போட்டுவிட்டு, எவனோ வெங்காயம் நறுக்குவதை முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தங்கை அப்படி உட்கார்ந்திருப்பதைப் பார்க்கப் பெரியவளுக்குப் பொறுக்கவில்லை. ஒருநாள் போய் டிவியை அணைத்தாள்.

“உள்ளே குளிக்கிறது யாருன்னு நான் சொல்லட்டுமா? அவ தம்பி.”

“அவளுக்குத் தம்பியே கிடையாதேக்கா!”

“இப்ப உண்டு.”

அங்கே தொடங்கியது. ஒரு வெள்ளி பெரியவள் சொல்வாள், அடுத்த வெள்ளி சின்னவள். டிவி அணைந்திருக்க வேண்டும், இருவரும் அதன் எதிரே உட்கார வேண்டும். சொல்லி முடித்ததும் சின்னவள் அதைக் கைராசியில் அடித்து வைப்பாள். அப்போதுதான் அவள் டைப்பிங் கற்றுக்கொண்டிருந்தாள், பழகுவதற்குத் தோதாக இருந்தது. கைராசியில் ஒரு கோளாறு, அடித்ததை ஒரே ஒரு முறைதான் அழித்துத் திருத்த முடியும். அதனால் இவர்களும் ஒரு சட்டம் போட்டுக்கொண்டார்கள்: சொன்னது சொன்னதுதான். மற்றவள் சொன்னது எவ்வளவு அபத்தமாக இருந்தாலும் அழிக்கக் கூடாது, அதைக் கட்டிக்கொண்டு மேலே போக வேண்டும். முந்தைய வாரம் என்ன நடந்தது என்று தெரியாமல் அடுத்ததைச் சொல்லவும் கூடாது. தம்பி இல்லாத பெண்ணுக்கு வந்த அந்தத் தம்பியை வைத்துக்கொண்டு சின்னவள் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. கடைசியில் அவனைக் கப்பல் வேலைக்கு அனுப்பித்தான் மூச்சு விட்டாள்.

கல்யாணங்கள் ஆயின. நல்ல வேளையாக இரண்டு வீடும் பக்கத்துப் பக்கத்துத் தெரு. மாப்பிள்ளைகள் முதலில் சிரித்தார்கள், பிறகு எரிச்சல்பட்டார்கள், பிறகு வெள்ளிக்கிழமை சாயங்காலமானால் இரண்டு சகலைகளும் சேர்ந்து வெளியே நடக்கப் போகப் பழகிக்கொண்டார்கள். பிள்ளைகள் பிறந்தார்கள், வளர்ந்தார்கள், மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு வெளியூர் போனார்கள். ‘மாடி காலி’ மட்டும் நிற்கவில்லை. கதையிலுள்ள மனிதர்கள் இவர்களோடு சேர்ந்து கண்ணாடி போட்டார்கள், முட்டிவலியால் அவதிப்பட்டார்கள். சேனல் காட்டியது எதுவரை, தாங்கள் சொன்னது எதிலிருந்து என்று அவர்களுக்கே குழம்பிப்போனது. வாட்ச்மேனின் பேச்சைப் பற்றி இருவரும் உருகிப் பேசுவார்கள்; அதில் பாதிக்கு மேல் பெரியவளின் சொந்தச் சரக்கு. அந்த வருஷங்களைப் போல இனி ஒன்று வராது.

பிறகு பெரியவளின் மகன் தன்னுடைய ஊருக்கே அப்பா அம்மாவை அழைத்துக்கொண்டான். வயதான காலத்தில் பிள்ளையோடு இருப்பதில் என்ன தப்பு? கிளம்புவதற்கு முந்தைய வெள்ளிக்கிழமை பெரியவளின் முறை. வீடெல்லாம் அட்டைப்பெட்டி. டிவியைக் கட்டிவிட்டார்கள். அது இருந்த இடத்தில் சுவர் மட்டும் கொஞ்சம் வெளுப்பாகத் தெரிந்தது, இருவரும் அதற்கு எதிரே உட்கார்ந்தார்கள்.

பெரியவள் சொன்னாள்: அடுக்குமாடி விற்றுப்போயிற்று. ஒவ்வொரு வீடாகக் காலி செய்தார்கள். ஆபரேட்டர் கடைசியாக இறங்கி வந்து வாட்ச்மேன் கையில் சாவியைக் கொடுத்தாள். அவர் அன்றைக்கு ஒன்றுமே பேசவில்லை. கேட்டைப் பூட்டினார்.

“முற்றும்” என்றாள்.

“என்னக்கா சொன்னே?”

“முற்றும்னேன்.”

“அந்த வார்த்தையை நாம சொல்றதே கிடையாதே. போன் இருக்கு, போன்ல சொல்லிக்க மாட்டோமா?”

“ரெண்டு வாரம் சொல்லுவோம். மூணாவது வாரம் ஏதாவது வேலை வந்துடும். நாலாவது வாரம் ரெண்டு பேருமே மறந்த மாதிரி நடிப்போம். அதுக்கு இது நல்லது.”

சின்னவள் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. “அந்த சேனல்காரனாவது சொல்லாமக் கொள்ளாம நிறுத்தினான். நீ எதுக்க உக்காந்து என் மூஞ்சியைப் பார்த்து நிறுத்துறே!” என்று எழுந்தவள், பாத்திரம் கட்டக்கூட உதவி செய்யாமல் வீட்டுக்கு வந்துவிட்டாள். அந்த வாரத்துக் கதையை அவள் அடிக்கவில்லை. வழியனுப்பவும் போகவில்லை.

அதோடு பேச்சு நின்றது. நல்லது கெட்டதெல்லாம் இரண்டு சகலைகள் வழியாகத்தான் போய் வந்தது.

“உங்க அக்காவுக்கு அங்க தண்ணி ஒத்துக்கலையாம்” என்பார் வீட்டுக்காரர், போனை வைத்துவிட்டு.

“நான் கேட்டேனா?”

“கேக்கலை. ஆனா காது மட்டும் இங்கேயே இருந்துச்சு.”

வெள்ளிக்கிழமைகள் அவளைக் கொன்றன. டிவியைப் போட்டாலும் கஷ்டம், அணைத்தாலும் கஷ்டம். கோபம் ஆறவில்லை, ஆனால் கோபத்தைவிட அக்காளின் குரல் இல்லாததுதான் பெரிதாக இருந்தது. கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை, ஆபீசில் எல்லோரும் கிளம்புகிற நேரத்தில், கைராசியைத் திறந்து பெரியவள் சொன்ன அந்தக் கடைசிக் கதையை அடித்தாள். ‘முற்றும்’ என்ற வார்த்தையையும் பல்லைக் கடித்துக்கொண்டு அடித்தாள். சொன்னது சொன்னதுதானே. அதற்குக் கீழே தன் முறையை எழுதினாள்.

வீடு பூட்டியாயிற்று, சரி. ஆபரேட்டர் வேறெங்கோ குடிபோய்விட்டாள், சரி. ஒருநாள் அவள் எக்ஸ்சேஞ்சில் உட்கார்ந்திருக்கும்போது ஒரு அழைப்பு வருகிறது. எண்ணைப் பார்க்கிறாள். அவளுடைய பழைய மேல்மாடி வீட்டின் எண். அந்த வீடு காலி, இணைப்பையும் துண்டித்தாயிற்று. எடுத்து ‘ஹலோ’ என்கிறாள். அந்த இடத்தில் நிறுத்தி, பெரியவளின் மகன் மெயிலுக்கு, ‘அம்மாவுக்கு’ என்று இங்கிலீஷ் எழுத்தில் போட்டு அனுப்பினாள்.

பதில் இல்லை. அடுத்த வெள்ளி இல்லை, அதற்கடுத்த வெள்ளியும் இல்லை. அக்காளுக்கு நிஜமாகவே முற்றும்தான் போலிருக்கிறது என்று சின்னவள் நினைத்துக்கொண்டாள். சாப்பாடு பிடிக்கவில்லை. ஒப்பந்தத்தில் வாடகைக்குக் குடியிருப்பவரை வீட்டுச் சொந்தக்காரராக அடித்துவிட்டு வக்கீலிடம் வாங்கிக் கட்டிக்கொண்டாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் வீட்டுக்காரர் ஆபீசுக்கு போன் செய்தார்.

“ஏம்மா, உங்க அக்காவுக்கு என்ன அனுப்பித் தொலைச்சே? சகலை சொல்றார், பக்கம் பூரா பூச்சி ஓடின மாதிரி இருக்காம். கொக்கியும் புள்ளியும் கேள்விக்குறியும். உங்க அக்கா அதை பிரிண்ட் எடுத்து வெச்சுக்கிட்டுத் திருப்பித் திருப்பிப் பார்க்குறாங்களாம். யார்கிட்டயும் குடுக்க மாட்டேங்கிறாங்களாம்.”

சின்னவளுக்கு உச்சந்தலையில் யாரோ குட்டியது போலிருந்தது. கைராசியில் அடித்தது கைராசி இருக்கிற கம்ப்யூட்டரில்தான் தமிழாகத் தெரியும். மற்ற இடத்தில் வெறும் கிறுக்கல். ஆபீசில் பேப்பராகவே கொடுத்துப் பழகியவளுக்கு அது மறந்தே போயிருந்தது. கைராசியை விடமாட்டேன் என்று பெருமை பேசியவள், அதைக் கொண்டே அக்காளை வெளியே நிறுத்தியிருக்கிறாள். தன்மேல் அவளுக்கு வந்த வெட்கத்துக்கு அளவில்லை. வெள்ளிக்கிழமைவரை பொறுக்க முடியவில்லை. அப்போதே போன் போட்டாள்.

“அக்கா.”

“நல்லா இருக்கியாடீ?”

“நான் அனுப்பினதை உன்னால படிக்க முடியலையாமே. ஏன்க்கா ஒரு வார்த்தை கேக்கலை?”

“வெள்ளிக்கிழமை வந்துதா, கதைதான்னு தெரிஞ்சுபோச்சு. ஒரு எழுத்து புரியலை. அந்தக் கைராசியை நீ விடமாட்டே, எனக்குத் தெரியும். ஆனா நான் இருக்கிற ஊர்ல அது இல்லடீ.”

“அதான், கேட்டிருக்கலாம்ல?”

“முற்றும்னு சொன்னதே நான்தான்” என்றாள் பெரியவள். “நான் எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டு அப்புறம் என்ன ஆச்சுன்னு கேப்பேன்?”

சின்னவள் போனை இன்னொரு காதுக்கு மாற்றினாள். பெரியவளே தொடர்ந்தாள்.

“அந்த சேனல்காரன் போனப்போ நீ வெங்காயம் நறுக்கறவனைப் பார்த்துக்கிட்டு உக்காந்திருந்தியே, அதை என்னால மறக்க முடியலை. என்னையும் அப்படி எதிர்பார்த்துக்கிட்டு உக்காந்துடுவியோன்னு பயம். அதான் முடிச்சுக் குடுத்துட்டுப் போனேன். தப்பாப் போச்சு.”

“நான் எதையும் முடிஞ்சுதுன்னு ஒத்துக்கிட்டது உண்டாக்கா?” என்றாள் சின்னவள், புடவைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டு. “இரு, வாசிக்கிறேன்.”

வாசித்தாள். எதிர் பெஞ்சில் பத்திரத்துக்காகக் காத்திருந்த அண்ணன் தம்பி இருவர், பாகம் பிரிக்கிற சண்டையை மறந்துவிட்டு அவள் வாயையே பார்த்தார்கள். உள்ளறையிலிருந்து வக்கீல் எட்டிப் பார்த்தார், அப்படியே கதவோரம் நின்றுகொண்டார். முடித்தபோது பெரியவள் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

“அவ போனை எடுத்துட்டாளா, இல்ல மணி அடிச்சுக்கிட்டே இருக்கா?”

“எடுத்துட்டா. ஹலோன்னும் சொல்லிட்டா. அந்தப் பக்கம் யாருன்னு இனி நீதான் சொல்லணும்.”

“வெள்ளிக்கிழமைவரைக்கும் என்னால வெச்சிருக்க முடியாதுடீ. இப்பவே சொல்றேன்.”

சின்னவள் போனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு, அண்ணன் தம்பியின் பத்திரத்தை அப்படியே மூடி வைத்துவிட்டு, இரண்டு கையையும் கீபோர்டின் மேல் வைத்தாள்.

“சொல்லுக்கா.”